பதில் சொல்ல வெட்கமில்லை மேம், பக்கத்துல ஆள் இருக்கு

சமூகப்பணித் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இருப்பது மதுரையில், வேலை சுற்றுவட்டாரக் கலை அறிவியல் கல்லூரிகளில். பாலியல் நலம் பற்றி இளைஞர்களிடம் கேட்கும் கேள்வித்தாள் ஒன்றை அவர்களிடமே கொடுத்து, எது புரிகிறது, எது உறுத்துகிறது, எந்தக் கேள்வியில் பேனா நின்றுவிடுகிறது என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்து, அதை ஆராய்வதுதான் ஆய்வின் முதல் பகுதி. யார் என்ன செய்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் ஆய்வு இல்லை. கேள்வித்தாளைச் சரிபார்க்கும் சின்ன வேலை, ஒரு செமஸ்டரில் முடித்துவிடலாம் என்றுதான் துறையில் எல்லோரும் சொன்னார்கள். ஒன்றரை வருடத்துக்கு மேல் இழுத்துவிட்டது. உதவித்தொகை தாமதமாக வந்த மாதங்களில் வீட்டில் கேட்டு வாங்கிச் செலவழித்த பணமும் இதில் சேர்ந்து போனது. தமிழில் இந்த வேலையைச் செய்து பார்த்த யாராவது நாலு விஷயம் முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதிக் கஷ்டம் குறைந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

கேள்வித்தாள் நானாக எழுதியதில்லை. உலக சுகாதார நிறுவனம் இளைஞர்களிடம் பயன்படுத்துவதற்கென்று வெளியிட்ட, ஜான் கிளீலண்ட் தயாரித்த மாதிரிக் கேள்வித்தாள் ஒன்று உண்டு. உலகம் முழுக்கப் பலரும் அதைத்தான் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதே நிறுவனம் 2023இல் ஷேப் என்ற புதிய கேள்வித்தாளை வெளியிட்டது. அதை வெளியிடும் முன் 19 நாடுகளில் ஆட்களை உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். கேள்வியைக் கேட்பதற்கு முன் கேள்வியையே பரிசோதிப்பது எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. நம் ஊரில் பெரும்பாலும் மொழிபெயர்த்த கையோடு ஜெராக்ஸ் எடுத்து வகுப்பில் விநியோகித்துவிடுகிறோம்.

முதல் தடை, ஆய்வுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழு. 16 வயதில் இருந்து 24 வரை எடுப்பதாக எழுதிக்கொடுத்திருந்தேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, 16, 17 வயதுக்காரர்கள் என்றால் பொதுவாகப் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும், பிள்ளையின் எழுத்துப்பூர்வ சம்மதமும் வேண்டும். வீட்டுக்கே தெரியாத விஷயத்தைக் கேட்கப்போகும் ஆய்வுக்கு, வீட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொன்னால் யார் வருவார்கள்? அதைவிடப் பெரிய சிக்கல் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். 18 வயதுக்குக் கீழே உடலுறவு விருப்பத்தோடு நடந்தாலும் குற்றம்தான். அது தெரியவந்தவர் புகார் கொடுத்தே ஆகவேண்டும் என்கிறது 19ஆவது பிரிவு. கொடுக்காவிட்டால் 21ஆவது பிரிவில் தண்டனை. “ஒரு பதினேழு வயதுப் பெண் உங்களை நம்பிச் சொன்னால் என்னம்மா செய்வீர்கள்?” என்று குழுவில் ஒரு மூத்த வழக்கறிஞர் கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. அன்று இரவு தூக்கமும் வரவில்லை. கடைசியில் 18 முதல் 24 என்று சுருக்கிக்கொண்டு மறுபடி விண்ணப்பித்தேன். தகவல் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களையே வெளியே நிறுத்திவிட்டோமே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. இந்த வேலைக்கு இறங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: கல்லூரி என்றாலே 18 ஆகிவிட்டது என்று பொருளில்லை. முதலாமாண்டில் 17 வயதுக்காரர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். இரண்டாமாண்டில் இருந்து எடுங்கள், பிறந்த வருடத்தையும் மாதத்தையும் முதல் பக்கத்திலேயே கேட்டுவிடுங்கள்.

அடுத்து கல்லூரி அனுமதி. ஒரு கல்லூரியில் வாய்மொழியாகச் சரி என்று சொல்லிவிட்டு, நான் கட்டுக்கட்டாக அச்சடித்துக்கொண்டு போய் நின்ற காலையில், தலைப்பைப் பார்த்ததும் வேண்டாம் என்றார்கள். அவர்களுடைய கல்லூரி முத்திரையோடு ஒப்புதல் படிவம் அச்சிட்டிருந்ததால் அந்தக் கட்டை வேறெங்கும் பயன்படுத்த முடியவில்லை. இன்னொரு கல்லூரியில் அனுமதி கொடுத்தார்கள். ஆனால் மாணவர்கள் எழுதும்போது பேராசிரியர் ஒருவர் கூடவே இருப்பார் என்றார்கள். இருந்தார். வரிசை வரிசையாக நடந்தும் பார்த்தார். அன்று வாங்கிய தாள்கள் அத்தனையையும் ஆய்வில் சேர்க்காமல் ஒதுக்கிவைத்தேன். கையெழுத்திட்ட கடிதம் கைக்கு வரும்வரை எதையும் அச்சிடாதீர்கள். எழுதும் அறையில் கல்லூரி ஆட்கள் யாரும் இருக்கக்கூடாது என்ற வரியை அந்தக் கடிதத்திலேயே சேர்த்து வாங்குங்கள். எச்ஐவி விழிப்புணர்வுக்கான மாணவர் அமைப்பான செஞ்சுருள் சங்கம் சுறுசுறுப்பாக இருக்கும் கல்லூரிகளில் இது சுலபமாக நடந்தது. எச்ஐவி பற்றி ஏற்கெனவே கூட்டம் போட்டுப் பழகியவர்கள் என்பதால், அந்தப் பொறுப்பாசிரியர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கேள்வித்தாளின் கடைசிப் பக்கத்தில் “இதைப் பற்றி உங்கள் கருத்து” என்று காலி இடம் விட்டிருந்தோம். அதில் என்ன வந்தது தெரியுமா? “நன்று.” “மிகவும் பயனுள்ளதாக இருந்தது.” “சூப்பர் மேம்.” ஆசிரியரிடம் குறை சொல்லக்கூடாது என்று சின்ன வயதில் இருந்தே பழக்கப்பட்டவர்கள். பெரியவர் ஒருவர் கருத்துக் கேட்டால் நன்றி சொல்வதுதான் மரியாதை என்று நினைக்கிறார்கள். அந்தப் பக்கங்களை மட்டும் வைத்து ஆராய்ந்திருந்தால், கேள்வித்தாள் அருமையாக இருக்கிறது என்று முடித்திருக்க வேண்டியதுதான். தாளை எழுதியவர்களிடம் பிறகு நடத்திய நேர்காணலில், கேட்கும் விதத்தை மாற்றிய பிறகுதான் பேச்சு வந்தது. “உனக்கு எது கஷ்டமா இருந்துச்சு?” என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார்கள். “உன் ஃப்ரெண்ட் ஒருத்திகிட்ட இதைக் கொடுத்தா எந்தக் கேள்வியில நிறுத்துவா?” என்று கேட்டால் கடகடவென்று கொட்டுவார்கள். மேம் என்று ஆரம்பித்தவர்கள் அரை மணி நேரத்தில் அக்கா என்று கூப்பிடத் தொடங்கினால், சரியான திசையில் போகிறோம் என்று எனக்குப் புரிந்துவிடும்.

என்னை உண்மையிலேயே உடைத்துப்போட்டது எழுத்துப்படி வேலை. ஒலிப்பதிவுகள் சேர்ந்துகொண்டே போனதால் ஒரு தட்டச்சு நிலையத்தில் கொடுத்தேன். ரகசியம் காப்போம் என்று உறுதிமொழியில் கையெழுத்து வாங்கி, பேசியதைப் பேசியபடியே அடிக்கவேண்டும் என்று எழுதியும்தான் கொடுத்தேன். 22,000 ரூபாய். வந்த பக்கங்களைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு மாணவன் பேசியது இப்படி: “மேட்டர் நடந்துச்சான்னு இப்படி நேரா கேட்டா, எவன் மேம் ஆமான்னு போடுவான்? போட்டாலும் சும்மா கெத்துக்குத்தான் போடுவான்.” தாளில் இருந்தது இப்படி: “இதுபோன்ற வினாக்களுக்கு மாணவர்கள் பதிலளிக்கத் தயங்குவர்.” கெத்துக்காகப் பொய் சொல்வார்கள் என்ற பாதி அப்படியே காணாமல் போய்விட்டது. சிரித்த இடம் இல்லை, நிறுத்திய இடம் இல்லை, குரல் தாழ்ந்த இடம் இல்லை. எத்தனையோ பேர், எத்தனையோ விதமாகப் பேசியதெல்லாம் ஒரே அரசாங்கச் சுற்றறிக்கை மாதிரி ஆகியிருந்தது. கேட்டதற்கு, “அசிங்கமா இருந்துச்சும்மா, அதான் நல்ல தமிழ்ல மாத்திக் கொடுத்தோம்” என்று நல்ல மனதோடுதான் சொன்னார்கள். பணம் திரும்பவில்லை. போதாததற்கு முழுவதையும் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தார்கள். பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு மாற்றாமல் ஒரு சொல்லைக்கூடத் தேட முடியாது.

திரும்ப எல்லாவற்றையும் நானே செய்தேன். காதில் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியமாகக் கேட்டு, பெயர்களையும் ஊர்களையும் விட்டுவிட்டு, என் குரலில் அதைத் திருப்பிச் சொல்லி போனின் குரல்வழித் தட்டச்சில் ஏற்றுவேன். அப்புறம் பிழைதிருத்தம். அந்தப் பிள்ளைகளின் குரலை எந்த இணையச் சேவைக்கும் அனுப்பக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். ஒரு மணி நேர ஒலிப்பதிவுக்கு ஒரு முழு நாளை ஒதுக்கிவைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் குறைவாகக் கணக்குப் போட்டால் நிச்சயம் இழுக்கும். கழுத்து வலி வரும், கண் எரியும், மனதும் களைத்துப்போகும். வெளியே கொடுத்தே ஆகவேண்டிய நிலை என்றால், முதலில் பத்து நிமிடப் பதிவு ஒன்றை மட்டும் கொடுத்து, வந்ததை வரிவரியாக ஒலியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள். பணத்தையும் அதற்குப் பிறகே கொடுங்கள். இன்னொருவர் பதிவைக் கேட்பார் என்பதை ஒப்புதல் படிவத்திலும் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

ஆராயும் முறைக்கு வர்ஜீனியா பிரவுனும் விக்டோரியா கிளார்க்கும் 2006இல் முன்வைத்த கருப்பொருள் பகுப்பாய்வைத்தான் எடுத்துக்கொண்டேன். பேச்சைத் திரும்பத் திரும்பப் படித்து, ஒவ்வொரு பகுதிக்கும் அதன் பொருளைச் சுருக்கிச் சொல்லும் குறியீடு கொடுத்து, குறியீடுகளைக் கருப்பொருள்களாகத் தொகுத்து, சரிபார்த்து, பெயரிட்டு, எழுதுவது என்று ஆறு கட்டம். விலை கொடுத்து மென்பொருள் வாங்கவேண்டிய அவசியமே இல்லை. எக்செல் போதும். ஒரு நெடுவரிசையில் எந்தக் கேள்வி, அடுத்ததில் அவர்கள் சொன்னது அப்படியே, அதற்கடுத்ததில் குறியீடு, கடைசியில் என் குறிப்பு. இத்துடன் எனக்குப் பெரிதும் உதவியது நடுவில் சேர்த்த இன்னொரு நெடுவரிசை: அந்த நேரத்தில் பக்கத்தில் யார் இருந்தார்கள்?

அந்த நெடுவரிசையின் கதையைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் எடுத்துக்காட்டுக்கு ஒரு குறியீட்டுப் பட்டியலை என் நெறியாளர் கொடுத்திருந்தார். அதில் “கூச்சம்” என்று ஒன்று. படிக்கப் படிக்க முக்கால்வாசிப் பேச்சு அதற்குள்ளேயே போய் விழுந்தது. நம் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள், கலாச்சாரம் அப்படி என்று எழுதி முடித்துவிடலாம். யாரும் எதிர்க்கேள்வி கேட்கமாட்டார்கள். ஆனால் பதிவுகளில் கேட்ட குரல்கள் கூச்சப்படுகிறவர்களின் குரலாக எனக்குத் தோன்றவில்லை. என்னிடம் தாராளமாகப் பேசினார்கள். பேச்சிலும் கூச்சமில்லை, விஷயத்திலும் கூச்சமில்லை. அதனால் அந்தக் குறியீட்டில் விழுந்த ஒவ்வொரு வரியையும் வெளியே எடுத்து, “யாரை நினைத்து இதைச் சொல்கிறார்கள்?” என்று கேட்டுக்கொண்டே திரும்பப் படித்தேன். ஹாஸ்டல் ரூம்மேட். கிளாஸ் ரெப். தாளைச் சேகரிக்கும் ஆள். ஊரில் இருந்து கூடவே பஸ்ஸில் வரும் சொந்தக்காரப் பையன். கையெழுத்தை வைத்தே கண்டுபிடித்துவிடும் பேராசிரியை. கூச்சம் என்ற ஒற்றைப் பெட்டியை உடைத்ததும் உள்ளே இருந்தது கண்காணிப்பு பற்றிய பயம். அதற்கு ஆளும் பெயரும் இடமும் இருந்தன.

இதில் ஒரு பெண் சொன்னதை முழுசாகச் சொல்லியே ஆகவேண்டும். கேள்வித்தாளில் ஒரு திருப்பம் வரும். உடலுறவு அனுபவம் உண்டா என்ற கேள்விக்கு “இல்லை” என்றால் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம். “ஆம்” என்றால் இன்னும் சில பக்கங்கள். இதில் என்ன இருக்கிறது, எல்லாக் கேள்வித்தாளிலும் இருப்பதுதானே? அவள் சொன்னாள்: “இல்லைன்னு போட்டவங்க எல்லாம் பேப்பரைக் கவுத்து வச்சிட்டு உக்காந்திருந்தாங்கக்கா. நான் மட்டும் பக்கம் பக்கமாப் புரட்டிட்டு இருந்தா, பாக்குறவங்களுக்குத் தெரியாதா?” பதில் சொல்ல வெட்கமில்லை, பக்கத்தில் ஆள் இருக்கிறது என்பதுதான் சுருக்கம். உடனே வீட்டுக்கு வந்து பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். அந்தக் கேள்வியில் “ஆம்” கட்டத்தில் டிக் அடித்து, அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, “இல்லை”க்கு மாறிய தாள்கள் இருந்தன. ஒன்றில் அழுத்தித் தேய்த்ததில் காகிதமே ஓட்டை. தரவு உள்ளிடும்போது அதையெல்லாம் “இல்லை” என்றுதான் பதிவு செய்கிறோம். பையன்களிடம் இது தலைகீழ். பக்கத்து நண்பன் பார்க்கிறான் என்பதற்காகவே பக்கங்களைப் புரட்டியதாக ஒருவன் சொன்னான்.

இதற்குத் தீர்வு கைவசம் இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. “இல்லை” என்பவர்களுக்கும் அதே நீளத்தில், தூக்கம், சாப்பாடு, தேர்வு பயம் என்று வேறு கேள்விகளைக் கொடுத்துவிட்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் முடிப்பார்கள். தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் 2006, 2007இல் நடந்த பெரிய இளைஞர் ஆய்வில், நேர்காணலின் முடிவில் ஒரு சீட்டைக் கொடுத்து, உடலுறவு அனுபவம் பற்றி ஆம், இல்லை என்று குறித்து உறையில் போட்டு ஒட்டித் தரச் சொன்னார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக்கூடப் பதில் தெரியக்கூடாது என்பதற்காக. பிரிட்டனில் இத்தகைய தேசிய ஆய்வில் அந்தரங்கக் கேள்விகளுக்கு மட்டும் கணினியைப் பதில் சொல்பவர் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். இவர்கள் எல்லோரும் பக்கத்து ஆளைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். ஒரு வகுப்பறையில் அறுபது பேரை நெருக்கி உட்காரவைத்து எழுதச் சொல்லும் நாமும் யோசித்தாக வேண்டும்.

சொல் சார்ந்த சிக்கல்களும் வந்தன. அவை சுலபம், மாணவர்களே மாற்றுச் சொல் சொல்லிவிடுவார்கள், திருத்தினால் தீர்ந்தது. கேள்விகளின் தொனியைப் பற்றி அவர்கள் சொன்னதுதான் எனக்குக் கனமாகப் பட்டது. நோய், கர்ப்பம், வற்புறுத்தல், நோய் என்றே போகிறது, எங்களைப் பார்த்தால் கேஸ் மாதிரி தெரிகிறதா என்று கேட்டார்கள். “சந்தோஷமா இருக்கியா, அவன் மரியாதையா நடத்துறானான்னு ஒரு கேள்விகூட இல்லையேக்கா” என்றாள் ஒருத்தி. உலக சுகாதார நிறுவனத்தின் விளக்கத்தைப் பார்த்தால், பாலியல் நலம் என்பது நோயில்லாமல் இருப்பது மட்டுமில்லை, மரியாதையும் வற்புறுத்தல் இல்லாத மகிழ்ச்சியும் அதில் சேர்த்தி என்று தெளிவாக இருக்கிறது. அதைப் படிக்காமலே அந்தப் பெண் அங்கே வந்து சேர்ந்துவிட்டாள்.

குறியீடுகளைச் சரிபார்க்க, செவிலியராக வேலை பார்க்கும் என் தோழி ஒருத்தி கொஞ்சம் பேச்சுகளைத் தனியாகப் படித்துக் குறியிட்டாள். நான் பயம் என்று குறித்த இடங்கள் சிலவற்றை அவள் கோபம் என்று குறித்தாள். திரும்ப ஒலியைக் கேட்டபோது, பல இடங்களில் அவள் சொன்னதுதான் சரி என்று பட்டது. பிற்பாடு ஆய்வுக்குழுக் கூட்டத்தில், இருவரின் குறியீடும் எவ்வளவு ஒத்துப்போகிறது, அதை எண்ணால் அளக்கும் கப்பா மதிப்பு எவ்வளவு என்று கேட்டார்கள். நான் எடுத்துக்கொண்ட முறையில் அந்த எண்ணுக்கு இடமில்லை என்று பிரவுனும் கிளார்க்குமே பின்னர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் கூட்டத்தில் நின்றுகொண்டு அதை விளக்குவது சாமானியமில்லை. இந்தப் பதிலை முன்கூட்டியே முறையியல் அத்தியாயத்தில் எழுதிவைத்துவிடுங்கள்.

எந்தப் புத்தகமும் என்னைத் தயார்படுத்தாத ஒன்றையும் சொல்லவேண்டும். கேள்வித்தாளைப் பற்றிப் பேசத்தான் கூப்பிடுகிறோம். வற்புறுத்தல் பற்றிய கேள்விக்கு வந்ததும் ஒரு பெண் பேச்சை நிறுத்திவிட்டு, சொந்தத்தில் ஒருவர் செய்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். பதிவுக் கருவியை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று பஸ்ஸில் வரும்போது கை நடுங்கிக்கொண்டே இருந்தது. பல வாரங்கள் அந்தக் குரல் போகவில்லை. நீங்கள் பேசுவதற்கும் ஒரு ஆளை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், கூடுமானால் ஒரு ஆலோசகரை. மாணவர்களுக்கு உதவி எண்கள் கொண்ட அட்டை கொடுப்பது எல்லோரும் செய்வதுதான். அதில் பெண்கள் உதவி எண் 181ஐ மட்டும் அச்சிட்டால், வீட்டில் யாராவது எடுத்துப் பார்த்தால் விசாரணை நடக்கும். 108, 104, மனநல ஆலோசனைக்கான 14416 எல்லாவற்றோடும் சேர்த்துப் பொதுவான அட்டையாக, பர்ஸில் வைக்கும் அளவில் அடியுங்கள்.

திருத்திய கேள்வித்தாளோடு பேசியவர்களிடமே திரும்பப் போனேன். நீங்கள் சொன்னதில் இது இது மாறியிருக்கிறது, இது மாறவில்லை, காரணம் இது என்று காட்டினேன். பக்கம் புரட்டுவதைப் பற்றிச் சொன்ன பெண் அதை வாங்கியதும் முதல் பக்கத்தைப் பின்னால் மடித்து வைத்துக்கொண்டுதான் படித்தாள். ஏன் என்று கேட்டேன். “தலைப்பை இவ்ளோ பெருசாப் போட்டிருக்கீங்களேக்கா” என்றாள். மேலட்டையில் பொதுவான தலைப்பு, உள்ளே ஒப்புதல் பக்கத்தில் விஷயம் ஒளிவுமறைவின்றி முழுசாக, என்று மாற்றி நெறிமுறைக் குழுவுக்கு மறுபடி அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. வரும்வரை அச்சகத்துக்குப் போகப்போவதில்லை.